மூன்று பேருக்கு ஒரு கார்டு

சால்மியா, குவைத்
1989 ஜனவரி 22

சேசு மரி சூசை

கொறற்றியின் அப்பாவுக்கு ஜோசப்பின் எழுதுவது,

வந்து சேர்ந்துவிட்டேன். பிளேனில் காது அடைத்தது, மற்றபடி சுகம். வீடு பெரிய வீடு. மேடம், அவருடைய புருஷன், நான்கு பிள்ளைகள். கடைசிப் பையன்தான் என் பொறுப்பு. சாப்பாட்டுக்குக் குறை இல்லை, தூக்கத்துக்குத்தான் குறை. என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

நான் எதற்காக வந்தேன் என்பதை மறந்துவிடாதீர்கள் என்றுதான் இந்தக் கடிதம். போன வருஷம் கொறற்றிக்கு மூட்டுக் காய்ச்சல் வந்து இருதயம் வரைக்கும் போய்த் திரும்பியது. பெரியாஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்? மாதம் ஒரு ஊசி. அவளுக்கு இருபது வயது தாண்டும் வரைக்கும் மாதம் ஒரு ஊசி. பிள்ளை ஓடி விளையாடுகிறாளே என்று நிறுத்தக் கூடாது. விட்டால் காய்ச்சல் திரும்பி வரும், வந்தால் இருதயத்தைத்தான் பிடிக்கும்.

கிளினிக் நாளில் விடியுமுன் போய் வரிசையில் நின்றவள் நான். நீங்கள் நிற்க மாட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் பீடி குடிக்க வெளியே போவீர்கள், திரும்பி வரும்போது நம்பர் போயிருக்கும். அதனால் டவுனில் ஒரு டொக்டரைத் தேடுங்கள். வருஷத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, குடும்பத்தின் பெயரை எழுதி வைத்து, வருஷம் முழுக்கப் பார்க்கிற டொக்டர்மார் மாத்தளையிலும் இருக்கிறார்கள் என்று பஸ்ஸில் ஒரு டீச்சர் சொன்னார். இந்த வீட்டுக்கும் அப்படி ஒருவர் இருக்கிறார். போன் செய்தால் வருகிறார், பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். என் பிள்ளையையும் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஊசி போட வேண்டும். அதற்குத்தான் இந்த வீட்டுக் கக்கூஸைக் கழுவுகிறேன்.

முதல் சம்பளத்தை டிராப்டாக அனுப்புகிறேன். அதில் ரேடியோ வாங்க வேண்டாம்.

ஜோசப்பின்


மாத்தளை
1989 பெப்ரவரி 19

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

கடிதமும் டிராப்டும் கிடைத்தன. கடிதத்தை விட டிராப்ட் அன்பாக இருந்தது.

டொக்டர் தேடும் படலத்தைக் கேள். முதலாளியிடம் இரண்டு அரை நாள் லீவு கேட்டு, மிளகு மூட்டை நாற்றத்தோடு டவுன் முழுக்க அலைந்தேன். மெயின் ரோட்டில் இருக்கிறவர் அங்கத்தவர் சேர்ப்பதாகப் போர்ட் போட்டிருக்கிறார். உள்ளே போனால், அரசாங்க உத்தியோகம் பார்க்கிற குடும்பங்களை மட்டும்தான் சேர்ப்பாராம். என் சட்டையைப் பார்த்த பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது என்று நினைக்கிறேன். இரண்டாவது ஆள் கண்டியில் இருந்து வாரத்தில் இரண்டு பின்னேரம் வருகிறார். காசு கட்டினால் கார்டு உடனே கிடைக்கும், டொக்டர் கிடைப்பாரா என்று கேட்டால் பதில் இல்லை.

மூன்றாவதாகக் கொங்காவலைப் பக்கம் டொக்டர் ஏக்கநாயக்க. வயதானவர். டிஸ்பென்சரி வீட்டோடு சேர்ந்தது. அங்கத்தவர்கள் உட்கார ஜன்னலோரம் தனி வாங்கு போட்டிருக்கிறார்கள், தலைக்கு மேலே காற்றாடி. மருந்து கலக்கிற கொம்பவுண்டர் நம்ம ஆள், அழகமுத்து என்று பெயர். எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவராம். அவர்தான் கார்டு எழுதினார்.

"குடும்பத்துல எத்தன பேரு?" என்று கேட்டார். "மூணு பேருங்க" என்றேன். "மூணு பேரும் டவுன்லதானே?" என்றார். ஒரு ஆள் குவைத்தில் என்று சொன்னேன். டொக்டர் உள்ளே இருந்து கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் நல்லாத் தமிழ் பேசுகிறார். "குவைத்துக்கு நான் வர ஏலாது. ஆனா மூணுன்னே எழுது அழகமுத்து. ஒரு நாளைக்கு வருவாங்கதானே" என்றார். நீல நிறக் கார்டு. மூன்று பெயரும் அதில் இருக்கின்றன.

கொறற்றிக்கு அன்றைக்கே ஊசி போட்டார். அவள் வாங்கைப் பிடித்துக்கொண்டு கத்தத் தயாராக நின்றாள். அவர், "கொஞ்சம் வலிக்கும் மரிய கொறற்றி, பொய் சொல்ல மாட்டேன்" என்றார். முழுப் பெயரையும் சொன்னதில் அவள் கத்துவதை மறந்துவிட்டாள். கைராசிக்காரர்தான். ஊசி போட்ட இடம் கல்லாகவில்லை, அன்று பின்னேரமே பக்கத்து வீட்டு ஹமீமா ராத்தாவின் பிள்ளைகளோடு கயிறு பாய்ந்தாள்.

வருஷக் காசு முழுவதையும் கட்டிவிட்டேன். ரேடியோ வாங்கவில்லை. இன்னும் வாங்கவில்லை என்று எழுதுவது இன்னும் சரியாக இருக்கும்.

இஞ்ஞாசி


சால்மியா, குவைத்
1989 மார்ச் 14

சேசு மரி சூசை

கொறற்றியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குசினியில் நின்றுகொண்டே நாலு தடவை வாசித்தேன். மேடம் எட்டிப் பார்த்து, சாவுச் செய்தியா என்று சைகையால் கேட்டார். இல்லை என்று சிரித்தேன். இங்கே வந்து அன்றைக்குத்தான் சிரித்தேன்.

ஒன்றை மட்டும் திரும்பவும் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே ஊசி போட வேண்டாம், அந்த ஆளின் கை எனக்குப் பிடிக்கவில்லை என்று நான் சொன்னேன். கிட்டத்தில் இருக்கிறது என்று நீங்கள் கூட்டிப் போனீர்கள். தொடை வீங்கிச் சீழ் கட்டி, பிள்ளை எத்தனை நாள் நொண்டினாள்? நான் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு வஹகோட்டைக் கோவிலில் அந்தோனியார் முன்னால் உங்களை முழந்தாளில் நிறுத்தி என்ன சத்தியம் வாங்கினேன்? என் வாயால் சரி என்று சொல்லாத எந்தக் கையும் என் பிள்ளைக்கு ஊசி போடக் கூடாது என்று.

இப்போது நான் சரி என்று சொல்வது டொக்டர் ஏக்கநாயக்கவின் கைக்கு. அவர் கைக்கு மட்டும்தான். அவருக்கு அவசரம் என்று கொம்பவுண்டரிடம் விட்டாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம், இருந்து, காத்திருந்து, அவர் கையால் போட்டுக்கொண்டு வாருங்கள். என் பேச்சை நீங்கள் எதிலும் கேட்டதில்லை. நல்ல பள்ளிக்கூடம் என்றேன், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தீர்கள். கூரைத் தகரம் மாற்றுங்கள் என்றேன், கூட்டாளியின் கடனுக்குப் பிணை நின்றீர்கள். இதையாவது கேளுங்கள்.

ஜோசப்பின்


மாத்தளை
1989 ஜூன் 18

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

ஒவ்வொரு மாதமும் நாள் தவறாமல் நடக்கிறது. அழகமுத்து ஒரு தடவை, "ஐயா கண்டிக்குப் போயிட்டாரு, நானே போட்டு உடுறேனே" என்றார். எனக்கு உன் முகம் ஞாபகம் வந்தது. மறுநாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். எனக்குச் சத்தியம்.

வஹகோட்டைத் திருவிழாவுக்குப் போய் வந்தோம். இந்த வருஷம் சனம் குறைவு. பஸ் இல்லாததால் நிறையப் பேர் நடந்தே வந்தார்கள். கொறற்றி கோவில் மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறினாள். மேலே நின்றுகொண்டு, "அப்பா, நீங்கதான் நாய் மாதிரி இளைக்கிறீங்க" என்றாள். எல்லோர் முன்னாலும் சொன்னாள். அவளைத் திட்டவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இங்கே நிலைமை சரியில்லை. யாரோ ஒருவர் வந்து கடையைப் பூட்டு என்றால் தெரு முழுக்கப் பூட்டுகிறது. ராவில் லைட் போடக் கூடாது என்று அரசாங்கத்தை எதிர்க்கிறவர்கள் கடுதாசி ஒட்டுகிறார்கள், போட வேண்டும் என்று ஆமி வந்து கதவைத் தட்டுகிறது. ஆற்றில் பிணம் போகிறது. பயப்படாதே, நாங்கள் யாருடைய கணக்கிலும் இல்லை.

ரேடியோ வாங்கினேன். ஊரடங்கு எப்போது என்று தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம். மற்றக் காரணங்களை நீ எழுதாமலே எனக்குத் தெரியும்.

இஞ்ஞாசி


மாத்தளை
1989 ஓகஸ்ட் 6

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

தபால் ஓடவில்லை. ஹமீமா ராத்தாவின் மச்சாள் றமீஸா குவைத்துக்கு வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

இந்திய ஆமி நாட்டை விட்டுப் போகும் வரைக்கும் இந்திய மருந்து விற்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, மீறினால் மரணம் என்று ஃபார்மசிக் கதவுகளில் ஒட்டிவிட்டார்கள். கொறற்றியின் ஊசி மருந்தும் இந்திய மருந்துதான். டவுனில் பாதி டொக்டர்மார் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். டொக்டர் ஏக்கநாயக்கவும் போர்டைக் கழற்றி, முன் கதவைப் பூட்டிவிட்டார்.

அன்று இருட்டுகிற நேரத்தில் அழகமுத்து வந்தார். "கார்டு உள்ள குடும்பம் மட்டும் குசினிக் கதவால வாங்கன்னு ஐயா சொன்னாரு. கார்டு மறக்காதீங்க" என்றார். போனோம். டொக்டர் வீட்டம்மா தேங்காய் திருவுகிற இடத்தில் பிள்ளையை உட்கார வைத்து அவரே ஊசி போட்டார். எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. "ஐயாவுக்குப் பயமில்லயா?" என்று கேட்டுவிட்டேன். "பயம்தான். ஆனா சல்லி வாங்கிட்டேனே இஞ்ஞாசி, வருஷம் முடியலையே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தக் கார்டுக்கு நாம் கட்டிய காசு அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லை என்று எனக்குப் பட்டது.

எனவே நீ ராவில் நன்றாகத் தூங்கு.

இஞ்ஞாசி


சால்மியா, குவைத்
1989 ஓகஸ்ட் 20

சேசு மரி சூசை

கொறற்றியின் அப்பாவுக்கு,

றமீஸா கொண்டுவந்து தந்தாள். அவள் சொன்னவற்றை நீங்கள் எழுதவில்லை. பாலத்தில் வைத்திருந்த தலைகளைப் பற்றிச் சொன்னாள்.

அந்த மனிதருக்குக் கடவுள் நீண்ட ஆயுசைத் தர வேண்டும். இப்போதுதான் எனக்கு இன்னும் உறுதி. குசினிக் கதவானாலும் கோழிக் கூடானாலும் பரவாயில்லை, அவர் கையை விட வேண்டாம். கலவர நேரத்தில் யார் யாரோ ஊசி போடுகிறேன் என்று வருவார்கள், பழைய மருந்தைப் போடுவார்கள், கழுவாத ஊசியைப் போடுவார்கள். யார் கையும் வேண்டாம். நீங்கள் அந்தோனியாருக்குச் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

நேற்று இந்த வீட்டுப் பையனுக்கு ஊசி. நான்தான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். இன்னொருத்தி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். மேடம் எனக்கு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டார்.

ஜோசப்பின்


மாத்தளை
1989 செப்டெம்பர் 12

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. டொக்டரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

போன வாரம். நம்பர் இல்லாத ஜீப். யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கத்தைச் சொல்கிறார்கள். மருந்து வைத்திருந்ததற்காக என்கிறார்கள் சிலர், காயம்பட்ட யாருக்கோ கட்டுப் போட்டதற்காக என்கிறார்கள் சிலர். அவருடைய மனைவி ஒவ்வொரு முகாமாகப் போய் நிற்கிறார். கடிதத்தில் இதற்கு மேல் எழுத முடியாது.

கொறற்றியின் ஊசி நாள் வந்தது. அழகமுத்து தானே வீட்டுக்கு வந்தார். மருந்துப் போத்தல் ஒன்றைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, இரண்டு சோதனைச் சாவடி தாண்டி வந்திருக்கிறார். அடுப்பில் தண்ணீர் வைத்து ஊசியைக் கொதிக்கப் போடச் சொன்னார். "ஐயா எடுத்து வச்ச மருந்துதாங்க. ஐயா கிட்டதான் நானும் பழகினேன். புள்ளைக்கு நாள் தவறக் கூடாது" என்றார்.

உன்னுடைய ஓகஸ்ட் கடிதம் அதற்கு முந்தின நாள்தான் வந்திருந்தது. யார் கையும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அது மேசையில் ரேடியோவுக்குக் கீழே இருக்கிறது. தண்ணீர் கொதிக்கிறது, அந்த மனிதர் காத்துக்கொண்டு நிற்கிறார். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு உன் பேச்சை மீறித்தானே போனேன், பிள்ளை நொண்டியது என் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"ஐயா வந்திருவாரு, வந்ததும் போட்டுக்கிறோம்" என்று சொன்னேன். அவர் ஊசியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். குற்றமில்லாத மனிதரை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? இரண்டு வாரத்தில் விட்டுவிடுவார்கள் என்று முதலாளியும் சொல்கிறார்.

நீ ஒரு வார்த்தை எழுது. அழகமுத்துவின் கைக்குச் சரி என்று ஒரு வார்த்தை போதும்.

இஞ்ஞாசி


சால்மியா, குவைத்
1989 ஒக்டோபர் 5

சேசு மரி சூசை

கொறற்றியின் அப்பாவுக்கு,

கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. நின்ற இடத்தில் இருந்து எழுதுகிறேன்.

சரி. அழகமுத்துவின் கைக்குச் சரி. யார் கைக்கும் சரி. பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போங்கள், அந்த ஆளே போட்டாலும் சரி. தொடை வீங்கட்டும், சீழ் கட்டட்டும், நொண்டட்டும். ஊசி போக வேண்டும். நீங்கள் கொடுத்த சத்தியத்தை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், பாவம் என்றால் அது என் தலையில் வரட்டும்.

இந்தக் கடிதத்தை வாசித்த உடனே சட்டையைப் போட்டுக்கொண்டு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புறப்படுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். மிச்சம் ஒன்றும் இல்லை.

இது பிறகு சேர்த்தது: தந்தி கொடுக்க மேடத்திடம் கெஞ்சினேன். வெள்ளிக்கிழமை போகலாம் என்றார். வெள்ளிக்கிழமை போனால் இலங்கைக்குத் தந்தி எடுக்க மாட்டோம், அங்கே வேலைநிறுத்தம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம் மூன்று நாள் தாமதமாகப் போகிறது.

ஜோசப்பின்


மாத்தளை
1989 ஒக்டோபர் 24

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்கார மனிதர் எப்போதாவது வருகிறார், வந்தால் எல்லோரும் அவரைச் சுற்றி நிற்கிறோம்.

டொக்டர் இன்னும் வரவில்லை. மாத்தளையில் இல்லை, வேறு ஊர் முகாமில் இருக்கிறார், மாத முடிவில் விடுவார்கள் என்று அவருடைய மனைவிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்களாம். அழகமுத்து பயந்துபோய் வில்கமுவையில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டாவது ஊசி நாளும் போய்விட்டது.

கொறற்றிக்குப் போன கிழமை தொண்டை வலி. பிறகு முழங்கால் வலிக்கிறது என்றாள். கயிறு பாய்ந்ததால் வந்த வலி என்று எண்ணெய் தடவினேன். அவளும் அப்படித்தான் சொல்கிறாள். ஊசிக்குப் பயந்து சொல்கிறாளோ என்றும் படுகிறது. ஹமீமா ராத்தா என்னைக் கூப்பிட்டு, "இஞ்ஞாசி, புள்ளட மொகம் வெளிறிப் போயிருக்கு. ஜோசப்பின் என்ன சொன்னாலும் பரவாயில்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சத்தம் போட்டார். ஆஸ்பத்திரிப் பக்கத்து ரோட்டை இரண்டு நாளாக அடைத்து வைத்திருக்கிறார்கள். திறந்ததும் போகத்தான் இருக்கிறேன். போனால் ஊசி போடுவார்கள். உன்னைக் கேட்காமல் போட விடலாமா?

நீ சிரிப்பாய். எத்தனையோ விஷயத்தில் உன்னைக் கேட்காமல் செய்தவன், இப்போது ஒரு ஊசிக்கு உன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எழுது ஜோசப்பின். திட்டியாவது எழுது.

இஞ்ஞாசி


கண்டி
1989 நவம்பர் 21

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

ரோட்டைத் திறந்த பிறகும் உன் வார்த்தைக்காகவே காத்திருந்தேன். உன் ஒக்டோபர் கடிதம் போன திங்கட்கிழமைதான் கைக்கு வந்தது. கடைக்கு முன்னால் நின்று உடைத்தேன். நீ எழுதியபடி மிச்சத்தை வாசிக்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன். அவளுக்கு முந்தின ராவே காய்ச்சல் எரிந்தது, படுத்தால் மூச்சு விட முடியாமல் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஹமீமா ராத்தாவின் புருஷனுடைய லொறியில் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அன்றைக்கே அங்கிருந்து அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பினார்கள்.

வார்ட்டில் இருக்கிற டொக்டர் இளம் பெண். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஊசி எப்போது நின்றது என்று கேட்டார். சொன்னேன். ஏன் நின்றது என்று கேட்டார். கைராசி, சத்தியம் என்று எதைச் சொல்வது? எங்களுடைய டொக்டரைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். இருதயத்தின் வால்வு பழுது என்று பிறகு சொன்னார். ஒப்பரேஷன் செய்கிற நிலைமையில் பிள்ளை இல்லையாம்.

கொறற்றி பேசுகிறாள். ஊசி போட வந்தால் கையை நீட்டுகிறாள், கத்துவதே இல்லை. நேற்று, "அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா, அம்மா பயந்துருவாங்க" என்றாள். சொல்லிவிட்டேன். அவள் பேச்சையும் கேட்கவில்லை.

நீ வர முடியுமா?

இஞ்ஞாசி


சால்மியா, குவைத்
1989 டிசம்பர் 17

கொறற்றியின் அப்பாவுக்கு,

தந்தி கிடைத்தது. அதற்குப் பிறகு நான்கு நாள் கழித்து, நீங்கள் கண்டியில் இருந்து எழுதிய கடிதம் கிடைத்தது. தந்தியில் அவள் இல்லை. கடிதத்தில் கையை நீட்டுகிறாள். எதை நான் முதலில் வாசித்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை.

என் பாஸ்போர்ட் மேடத்தின் புருஷனுடைய அலுமாரிக்குள் இருக்கிறது. இரண்டு வருஷம் முடியாமல் தர முடியாது என்கிறார். போனாலும் அடக்கம் முடிந்திருக்குமே என்று மேடம் சொன்னார். அது உண்மைதான்.

எந்தச் சட்டையைப் போட்டு அனுப்பினீர்கள்? நான் அனுப்பிய மஞ்சள் சட்டை அளவாக இருந்ததா? கடைசியில் பக்கத்தில் யார் இருந்தது? நீங்கள் இருந்தீர்களா, பீடி குடிக்க வெளியே போயிருந்தீர்களா? இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன், வெட்டவில்லை.

தண்ணீர் கொதித்ததாக எழுதினீர்கள். அந்த மனிதர் காத்துக்கொண்டு நின்றார் என்று எழுதினீர்கள். எனக்கு ஒவ்வொரு நாளும் அந்தத் தண்ணீர் கொதிக்கிறது.

ஜோசப்பின்


மாத்தளை
1990 ஜனவரி 30

அன்புள்ள ஜோசப்பினுக்கு,

மஞ்சள் சட்டைதான். கொஞ்சம் பெரிதாக இருந்தது, ஹமீமா ராத்தா பின்னால் ஊசி குத்தி அளவாக்கினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவளுடைய கை என் கையில் இருந்தது. நீ கேட்டது சரிதான், நான் அப்படிப்பட்டவன்தான், ஆனால் அன்றைக்கு வெளியே போகவில்லை. இப்போது பீடி குடிப்பதில்லை. நல்ல பிள்ளையாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் சத்தமே இல்லை. ரேடியோவை முதலாளியின் கடைக்குக் கொடுத்துவிட்டேன். ராவில் கயிறு பாய்கிற சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பகலில்தான் பாய்கிறார்கள், ராவில் இல்லை.

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். டொக்டர் வரவில்லை. இனி வரமாட்டார் என்று அவருடைய மனைவியே ஒப்புக்கொண்டு வெள்ளைச் சேலை கட்டிவிட்டார். டிஸ்பென்சரியை வாடகைக்கு விட்டிருக்கிறார், இளம் டொக்டர் ஒருவர் வந்திருக்கிறார். அழகமுத்து திரும்பி வந்துவிட்டார். பழைய அங்கத்தவர்கள் கார்டைப் புதுப்பிக்கலாம் என்று முன் கதவில் எழுதி ஒட்டியிருந்தது. தந்தி கிடைக்குமுன் நீ டிசம்பரில் அனுப்பிய டிராப்டை மாற்றிய காசு பையில் இருந்தது. அது பிள்ளையின் ஊசிக்கென்று நீ அனுப்பியது.

அங்கே போகும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. பாதையில் கால் நின்றுவிட்டது. அதே வாங்கு, அதே காற்றாடி. புது டொக்டர் என்னை அறியமாட்டார். "குடும்பத்துல எத்தன பேர்?" என்று கேட்டார். இரண்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மூணு பேருங்க" என்று வந்துவிட்டது.

அழகமுத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். பெட்டி தூக்கியவர்களில் அவரும் ஒருவர். தலையை நிமிர்த்தவில்லை. மூன்று பெயரையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார், மரிய கொறற்றியின் வயதைக் கேட்காமலே ஒரு வயது கூட்டிப் போட்டார். மை காய ஊதிவிட்டுக் கார்டை என் கையில் தந்தார்.

மூன்று பேருக்கும் காசு கட்டிவிட்டு வந்துவிட்டேன். உன் காசு. செய்தது பிழை என்றால் எழுது.

இஞ்ஞாசி


சால்மியா, குவைத்
1990 பெப்ரவரி 25

கொறற்றியின் அப்பாவுக்கு,

மூன்று என்று சொன்னது பிழை இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கார்டைப் பத்திரமாக வையுங்கள். நான் வரும்போது பார்க்க வேண்டும்.

திரும்பி வருவேனா என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் அதை எழுதப் போவதில்லை. இந்த வீட்டுப் பையன் இப்போது என்னைத்தான் அம்மா என்கிறான். அவனை அடிக்கவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். உங்களைக் குற்றம் சொல்லக் கேட்கவில்லை, கேட்காமல் இருக்க முடியவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றேன். சேர்த்தீர்கள். பிணை நிற்க வேண்டாம் என்றேன். நின்றீர்கள். தோட்டத்து ஊசி வேண்டாம் என்றேன். போட்டீர்கள். ரேடியோ வேண்டாம் என்று எழுதினேன். வாங்கினீர்கள். கல்யாணம் முடித்த நாளில் இருந்து நான் சொன்ன ஒரு சொல்லையும் நீங்கள் கேட்டதில்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் சண்டை பிடித்தேன், நீங்கள் சிரித்தீர்கள், அப்படித்தான் நம் குடும்பம் நடந்தது.

இதை மட்டும் ஏன் கேட்டீர்கள்?

ஜோசப்பின்